பலூன் கடையும் காலித் துப்பாக்கியும்

சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டி போகாத ஆள் தேனிப் பக்கம் குறைவு. எட்டு நாளும் கௌமாரியம்மன் கோயில் நடை சாத்துவதில்லை. முல்லையாற்றில் முங்கி எழுந்து ஈரத் துணியோடு தீச்சட்டி ஏந்தி வருகிறவர்கள் ஒரு பக்கம். ராட்டினத்தில் ஏறிவிட்டு "இறக்கி விடுங்கடா" என்று அலறுகிறவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் வளையல் கடை, அல்வாக் கடை, பேரீச்சம்பழக் குவியல் எல்லாம் தாண்டிப் போனால், எந்தத் திருவிழாவிலும் இருப்பது போல ஒரு பலூன் கடை இருக்கும். பலகையில் வரிசையாகப் பலூன், முன்னால் ஒரு மேசை, மேசைமேல் ஒரு பழைய ஏர் ரைஃபிள்.

அங்கே ஐந்து நிமிடம் நின்று வேடிக்கை பார்த்தால் ஒன்று புரியும். குறி பார்க்கும்வரை எல்லோரும் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். ஒரு கண்ணை இடுக்கி, மூச்சை அடக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிறார்கள். சுடுகிற அந்த நொடியில்தான் எல்லாம் போகிறது. விரல் வெடுக்கென்று சுண்டுகிறது, தோள் முன்னால் தள்ளுகிறது, கண் தானாக மூடிக்கொள்கிறது. பலூன் அப்படியே காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. உடனே "துப்பாக்கி கோணலுண்ணே" என்று கடைக்காரர்மேல் பழி. (கோணலாகவும் இருக்கலாம். அது வேறு கதை.) பக்கத்தில் நிற்கிற சித்தப்பாவோ மாமாவோ தவறாமல் ஒரு அறிவுரை கொடுப்பார்: "நல்லா பாத்து அடிடா!"

பார்த்ததெல்லாம் சரிதான் மாமா, அடித்ததில்தான் தப்பு.

வீரபாண்டியே கண்ணுக்குப் பேர்போன ஊர். பார்வை இழந்த பாண்டிய மன்னன் இங்கே வந்து அம்மனை வேண்டியதால் ஒரு கண்ணும், கண்ணீஸ்வரமுடையாரை வேண்டியதால் மறு கண்ணும் பெற்றான் என்பது தலவரலாறு. கண்நோய் தீர வேண்டிக்கொண்டு ஆயிரங்கண் பானை எடுப்பவர்கள் இன்றும் உண்டு. அதனால்தானோ என்னவோ, குறி என்று சொன்னதும் இங்கே எல்லோரும் கண்ணைத்தான் நினைக்கிறார்கள். இங்கே மட்டுமல்ல, உலகம் முழுக்க இதே கதைதான். ஆனால் துப்பாக்கியில், அதுவும் ஒரே கையால் பிடிக்கிற கைத்துப்பாக்கியில், கண் செய்கிற வேலையை ஒரு நொடியில் கெடுத்துவிடுவது ஆள்காட்டி விரல். அந்த விரலைப் பழக்கத் தோட்டா வேண்டாம், சத்தம் வேண்டாம், சுடுதளம்கூட வேண்டாம். 'ட்ரை ஃபயர்' என்று சொல்லப்படும் வெற்றுச் சுடுதல் போதும். பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கி வைத்திருக்கிற இந்த விளையாட்டைக் கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவரக்கூடிய கதவும் அதுதான். அந்தக் கதவைத் திறக்காமல் "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்று சொல்லிக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம் தவிர வேறில்லை.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு தேவை. (பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.)

ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் என்று ஒரு போட்டி. நின்றுகொண்டு, ஒரே கையால், 10 மீட்டர் தள்ளி இருக்கிற அட்டையைச் சுட வேண்டும். 60 ரவை, 75 நிமிடம். அட்டையின் நடுவில் இருக்கும் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், அது வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே 10 கிடைக்கும். சரி, துப்பாக்கியின்மேல் என்ன இருக்கிறது? பின்னால் ஒரு பிளவு, அது பின்குறி. முனையில் ஒரு சின்னக் கட்டை, அது முன்குறி. பிளவுக்கு நடுவில் கட்டை, இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம், மேல்விளிம்பு இரண்டும் ஒரே மட்டம். இதுதான் குறி நேராக இருப்பது.

இரண்டு குறிகளுக்கும் நடுவே சுமார் 33 சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இலக்கு 10 மீட்டர் தூரத்தில். அதாவது முப்பது மடங்கு. முன்குறி பிளவுக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், அட்டையில் ரவை 30 மில்லிமீட்டர் தள்ளி விழும். 10 போய் 7 ஆகிவிடும். ஆனால் குறி இரண்டும் நேராகவே இருந்து, கை மட்டும் மொத்தமாக 5 மில்லிமீட்டர் ஆடினால்? ரவையும் 5 மில்லிமீட்டர்தான் தள்ளி விழும். அப்போதும் 10தான்!

அதாவது கை ஆடுவது பெரிய குற்றமே இல்லை. எல்லோருக்கும் கை ஆடும், ஒலிம்பிக் சாம்பியனுக்கும் ஆடும். முன்குறியைப் பின்குறியிலிருந்து விலக்கிவிடுகிற அந்தச் சுண்டல்தான் குற்றம். புதிதாகச் சுடுகிறவர் செய்வது நேர்த் தலைகீழ். கை ஆடுவதைப் பார்த்துப் பதறுகிறார். கறுப்பு வட்டம் நேராக வருகிற ஒரு கணத்துக்காகக் காத்திருந்து, வந்தவுடன் "இதோ!" என்று விசையைச் சுண்டுகிறார். ஆட்டத்தால் போயிருக்கக்கூடியது ஒரு புள்ளி. சுண்டியதால் போவது மூன்று.

இந்தச் சுண்டல் சாதாரணமாகச் சுட்டுப் பழகுவதால் போகாது. காரணம் ரொம்ப எளிது. சுடும்போது சத்தம் வருகிறது, துப்பாக்கி உதைக்கிறது. தப்பு நடந்ததும், அதைப் பார்க்க விடாமல் செய்கிற குலுக்கல் வந்ததும் ஒரே நொடியில். போதாக்குறைக்கு உடம்பு அந்தச் சத்தத்தை எதிர்பார்க்கவும் கற்றுக்கொள்கிறது. ஊசி போட வருகிற நர்ஸைக் கண்டதும் கை இறுகுகிற மாதிரி, வெடிக்கும் முன்பே மணிக்கட்டு கீழே தள்ளத் தொடங்கிவிடும். நூறு ரவை சுட்டால் நூறு தடவை பயந்து பழகியாயிற்று. இதற்குப் பெயர் பயிற்சியா?

காலித் துப்பாக்கியில் சத்தமும் இல்லை, உதையும் இல்லை. 'டிக்' என்று ஒரு ஒலி. அந்த 'டிக்' நேரத்தில் முன்குறி அசைந்ததா இல்லையா என்று கண்ணால் அப்பட்டமாகப் பார்க்கலாம். அசைந்தால் விரல் தப்பு. அசையாவிட்டால் சரி. மறைக்க இடமே இல்லை. ட்ரை ஃபயரின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான்.

எப்படிச் செய்வது? அட்டையே இல்லாமல் தொடங்குவதுதான் நல்லது. வெள்ளைச் சுவர் ஒன்று போதும். சுவரில் எந்தப் புள்ளியும் இருக்கக் கூடாது. புள்ளி இருந்தால் கண் அங்கே ஓடிவிடும், கை அதைத் துரத்தும். வெற்றுச் சுவரில் பார்ப்பதற்கு முன்குறியைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னால் இருக்கும் சதைப்பகுதி விசையில் பட வேண்டும். கணுவை மடக்கி உள்ளே கொடுத்தால் இழுப்பு பக்கவாட்டில் போகும். விசையை நேராகப் பின்னோக்கி, எலுமிச்சம்பழத்தை ஒரே சீராகப் பிழிகிற மாதிரி, அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மற்ற நாலு விரல்களின் பிடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆள்காட்டி விரலை மட்டும் தனியாக இயக்குவது கேட்க லேசாக இருக்கும். இப்போதே வெறும் கையை நீட்டிச் செய்து பாருங்கள். சுண்டுவிரலும் கூடவே மடங்கும். அதைப் பிரித்தெடுப்பதற்கே சில வாரம் பிடிக்கும்.

எப்போது 'டிக்' வரும் என்று சுடுகிறவருக்கே துல்லியமாகத் தெரியக் கூடாது. வந்த பிறகும் கையை இறக்கக் கூடாது. ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை குறியைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். சுட்டுவிட்டு உடனே "எங்கே பட்டது?" என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, அதைக் கொல்ல வேறு வழியில்லை. காலித் துப்பாக்கியில் எட்டிப் பார்க்க ஒன்றுமே இல்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

நாணயப் பயிற்சி பழையது, ராணுவத்திலும் போலீஸிலும் எல்லோருக்கும் தெரிந்தது. குழாய்மேல் முன்குறிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் படுக்க வைத்து, அது விழாமல் விசையை இழுப்பது. தரையில் 'ணங்' என்று விழும்போது கிடைக்கிற அவமானத்துக்கு இணையான ஆசிரியர் கிடையாது. ஆனால் நாணயத்திலேயே மயங்கிவிடவும் கூடாது. நாணயம் விழாமல் இருந்தும் முன்குறி லேசாக நகர்ந்திருக்கலாம். நாணயம் வேடிக்கைக்கு. சுவரும் முன்குறியும்தான் பாடம்.

இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. சுடாமல் கையை இறக்குவதும் பயிற்சிதான். கையைத் தூக்கி, குறியில் நிறுத்தி, ஏழெட்டு நொடிக்குள் விசை விடுபடவில்லை என்றால் கை தளரும், கண் மங்கும், மனசு "சீக்கிரம், சீக்கிரம்" என்று அரிக்கும். அப்போது இறக்கிவிட வேண்டும். மூச்சு விட்டு மறுபடி தூக்க வேண்டும். பலூன் கடையில் யாராவது சுடாமல் துப்பாக்கியை இறக்கிப் பார்த்ததுண்டா? காசு கொடுத்தாயிற்று, பின்னால் ஆள் நிற்கிறார், அத்தை மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்... எப்படி இறக்குவது! :-) வீட்டில் காலித் துப்பாக்கியோடு நிற்கும்போது அந்த வெட்கம் இல்லை. பத்துக்கு மூன்று தடவை இறக்கிப் பழகியவருக்குப் போட்டியில் இறக்கும் தைரியம் வரும்.

நேரம்? தினமும் கால்மணி, மிஞ்சினால் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். கை சோர்ந்த பிறகு செய்கிற ஒவ்வொரு இழுப்பும் தப்பான இழுப்பைத்தான் பழக்கும்.

தோட்டா இல்லாத பயிற்சி என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரும். சிலம்பம் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். எந்த ஆசானும் முதல் நாளே எதிராளியை நிறுத்திக் கம்பை வீசச் சொல்வதில்லை. காலடி, காலடி, காலடி. மாதக்கணக்கில் வெறும் காற்றோடுதான் சண்டை. மிருதங்கம் படிக்கிற பையன் பஸ்ஸில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டு வருவதும் இதேதான்.

"அதெல்லாம் சரி, துப்பாக்கி சுடுதல் ராஜா வீட்டு விளையாட்டு" என்ற பேச்சுக்கு வரலாம். ஒரு காலத்தில் உண்மைதான். டெல்லியில் இருக்கிற பெரிய சுடுதளத்துக்கே பிகானேர் மகாராஜா கர்ணி சிங்கின் பெயர்தான். ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர் அவர். பிறகு ராணுவத்தார் வந்தார்கள். 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி, 2012 லண்டனில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் விஜய் குமார் வெள்ளி. அதற்கடுத்து வந்தவர்கள் கிராமத்துப் பிள்ளைகள். மீரட் பக்கம் விவசாயி மகன் சௌரப் சௌத்ரி 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஏர் பிஸ்டல் தங்கம் வாங்கியபோது வயது 16. ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்திலிருந்து வந்த மனு பாக்கர் கதை எல்லோருக்கும் தெரியும். 2021ல் டோக்கியோவில் துப்பாக்கியே பழுதாகி, நேரம் போய், 575 எடுத்து, இரண்டு புள்ளியில் இறுதிச்சுற்றை விட்டார். 2024 ஜூலையில் பாரிஸில் 221.7 எடுத்து வெண்கலம். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். அன்று அவர் கைநழுவவிட்ட வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே இருந்தது 0.1 புள்ளி. அட்டையில் அது 0.8 மில்லிமீட்டர். விரல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

இவர்களைவிட வீரபாண்டிக்கு நெருக்கமாகத் தெரிகிற ஊர் ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசம், பாக்பத் மாவட்டத்தில் ஜோஹ்ரி. கரும்பு விளைகிற சாதாரணக் கிராமம். 1990களின் கடைசியில் அங்கே ஒரு சின்னச் சுடுதளம் தொடங்கப்பட்டது. பேத்திக்குத் துணையாக அங்கே போன சந்திரோ தோமர் என்ற பாட்டி, பேத்தி தடுமாறுவதைப் பார்த்துத் தானே துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. அவருடைய ஓரகத்தி பிரகாஷி தோமரும் சேர்ந்துகொண்டார். முக்காடு போட்ட இரண்டு பாட்டிகளும் பிஸ்டல் போட்டிகளில் பதக்கம் மேல் பதக்கமாக வாங்கிக் குவித்தார்கள். 2019ல் இந்தியில் சினிமாவே வந்தது. சந்திரோ 2021ல் கொரோனாவில் காலமானார்.

அந்தக் கதையில் எல்லோரும் கைதட்டுவது பாட்டியின் வயதுக்கு. கவனிக்க வேண்டியது அது மட்டுமல்ல. வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல், எல்லோரும் தூங்கிய பிறகு, கையில் தண்ணீர்ச் சொம்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்று அவர் கையைப் பழக்கினார் என்று சொல்வார்கள். துப்பாக்கி வீட்டில் இல்லை, தோட்டா இல்லை, சொம்பு இருந்தது. வயலில் வேலை பார்த்து உரமேறிய தோளும் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் வேலை பார்க்கிற பெண்களின் தோளுக்கு என்ன குறை? நாள் முழுக்கக் கையைத் தலைக்குமேல் தூக்கிப் பந்தலில் குலை வெட்டுகிறவருக்கு, 1500 கிராமுக்கு மிகாத பிஸ்டலை நீட்டிப் பிடிப்பது பெரிய பாரமா?

தமிழ்ப் பேருக்குக் குறையில்லை என்பதும் தெரிந்ததுதான். இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். ஏர் ரைஃபிளில் உலகத் தரவரிசையில் முதலிடம் வரை போனவர். ஆனால் வளர்ந்ததும் சுடக் கற்றதும் குஜராத்தில். ககன் நாரங் சென்னையில் பிறந்தவர், வளர்ந்தது ஹைதராபாத்தில். பிறந்த ஊருக்கு மார்தட்டிக்கொள்கிற பேப்பர்கள், அவர்கள் எங்கே கற்றார்கள் என்பதைத் தலைப்பில் போடுவதில்லை.

பணம் ஒரு தடைதான், பொய் சொல்ல வேண்டாம். போட்டிக்குத் தகுந்த வெளிநாட்டு ஏர் பிஸ்டல் ஒன்று லட்சத்தைத் தாண்டும். ஆனால் அந்தத் தடையை எங்கே உடைக்கலாம் என்று பாருங்கள். சுட்டுத்தான் பழக வேண்டும் என்று நினைத்தால் தளம், அட்டை, பெல்லட், ஒவ்வொருவருக்கும் தனி நேரம் எல்லாம் வேண்டும். முப்பது பிள்ளைக்கு ஒரு பிஸ்டல் போதவே போதாது. முதல் சில மாதம் வெற்றுச் சுடுதல் என்று வைத்தால், பிள்ளைகளை அணியணியாகப் பிரித்து, ஒரே பிஸ்டலில் ஒவ்வொருவருக்கும் ஐந்தைந்து நிமிடம் கொடுக்கலாம். காத்திருக்கிறவர்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்துத் தோளைப் பழக்கட்டும். யாருடைய விரல் அமைதியானது என்பது அந்த வகுப்பிலேயே தெரிந்துவிடும். அந்த நாலு பேரை மட்டும் சுடுதளத்துக்கு அனுப்ப ஆகிற செலவு எவ்வளவு? கோயில் திருவிழாவில் ஒரு ராத்திரிக்கு வெடிக்கிற வாணத்தைவிட அதிகமாக இருக்காது.

என்.சி.சி.யிலும் இதே கதைதான். அங்கே ஆயுதப் பயிற்சி பாடத்திலேயே இருக்கிறது. குறி பார்ப்பது, விசையை இயக்குவது எல்லாம் உண்டு. ஆனால் கேம்ப்புக்குப் போய்வந்த எந்த கேடட்டைக் கேட்டாலும் அவர் சொல்வது .22 ரைஃபிளில் சுட்ட அந்த விரல்விட்டு எண்ணக்கூடிய ரவைகளைப் பற்றித்தான். "அஞ்சு ரவைதான்டா குடுத்தாங்க" என்று ஒரு வருத்தம். அந்த ஐந்துக்கு முன்னால் ஐநூறு வெற்று இழுப்பு இழுத்திருந்தால், ஐந்தும் அட்டையில் ஒரே இடத்தில் கூடியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ரவை குறைவு என்பது குறையே இல்லை. ரவைக்கு முந்தைய பாடத்தை அவசர அவசரமாக முடிப்பதுதான் குறை.

"ஊருக்குள் துப்பாக்கியா? இருக்கிற வெட்டுக்குத்து போதாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. தோட்டா போடுகிற கைத்துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், அது லேசில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. இங்கே பேசுவது ஏர் பிஸ்டலைப் பற்றி. 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு மிகாத குழாயும் 20 ஜூலுக்கு மிகாத வேகசக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி பிஸ்டல் அந்த வரம்புக்கு வெகு கீழே. ஆனாலும் அது பொம்மை இல்லை. கண்ணில் பட்டால் கண் போகும். கண் கொடுத்த சாமி இருக்கிற ஊரில் அந்தப் பழி வேண்டாம்.

அதனால் வெற்றுச் சுடுதலுக்கு முன்னால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 'சுத்தம் செய்யும்போது வெடித்தது' என்று பேப்பரில் வருகிற ஒவ்வொரு செய்திக்குப் பின்னாலும் 'காலி என்று நினைத்தேன்' என்ற ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. பயிற்சி நடக்கிற அறையில் ஒரு ரவைகூட இருக்கக் கூடாது. பையில் இல்லை, மேசை இழுப்பறையிலும் இல்லை, அந்த அறையிலேயே இல்லை. துப்பாக்கியைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும், விரலால் தொட்டும் பார்க்க வேண்டும், பிறகு இன்னொருவரிடம் காட்ட வேண்டும். குழாய் எப்போதும் ஆள் வராத கெட்டிச் சுவரை நோக்கியே. நடுவில் போன் வந்தாலோ யாராவது கூப்பிட்டாலோ, திரும்பி வந்ததும் முதலிலிருந்து பரிசோதனை. முடிந்ததும் வாய்விட்டு "முடிந்தது" என்று சொல்லிப் பூட்டி வைத்துவிட வேண்டும். முடிந்த பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று எடுப்பதுதான் மிகவும் ஆபத்தான இழுப்பு.

எல்லாத் துப்பாக்கியையும் வெறுமனே இழுக்கவும் கூடாது. பலூன் கடையில் இருக்கிற, குழாயை மடக்கி ஸ்பிரிங் ஏற்றுகிற ரகத்தைப் பெல்லட் இல்லாமல் அடித்தால் உள்ளே பிஸ்டன் போய் மோதும், சீக்கிரம் கெட்டுப்போகும். .22 ரகத்தில் ஊசி போய்க் குழாயின் விளிம்பில் இடிக்கும், அதற்குப் போலித் தோட்டா போட்டுத்தான் பழக வேண்டும். போட்டிக்கான ஏர் பிஸ்டல்களில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. காற்று வெளியேறாமல் விசை மட்டும் 'டிக்' என்று விடுபடும். விசையின் எடையும் நிஜத்தில் இருப்பதுதான். விதிப்படி குறைந்தது 500 கிராம்.

வெற்றுச் சுடுதலே எல்லாம் செய்துவிடும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். உதையைத் தாங்குவது, பக்கத்தில் சுடுகிறவரின் சத்தத்தில் கலங்காமல் இருப்பது, 60 ரவைக்கும் மனசைக் கட்டி வைப்பது, இதெல்லாம் தளத்துக்குப் போனால்தான் வரும். அதைவிடப் பெரிய சங்கடம், தப்பான பிடியோடு தினம் இருபது நிமிடம் இழுத்தால் தப்பான பிடி கல்வெட்டு மாதிரி பதிந்துவிடும். ஆரம்பத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று மணிக்கட்டையும் விரலையும் பார்க்க வேண்டும். தேனிப் பக்கம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கா பஞ்சம்? காலையில் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற முன்னாள் ஹவில்தார் ஒருவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார். வேண்டாம் என்றாலும் வருவார்.

கை ஒன்று போனால் இன்னொன்றைப் பழக்கலாம் என்று காட்டியவர் ஹங்கேரியின் காரோலி தகாச். 1938ல் ராணுவப் பயிற்சியில் கையெறி குண்டு வெடித்து வலது கை போயிற்று. சுட்டுக்கொண்டிருந்த கை அதுதான். சத்தமில்லாமல் இடது கையைப் பழக்கி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வாங்கினார். ஒன்றுமே தெரியாத ஒரு விரலுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார் மனிதர். இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதா கஷ்டம்?

தொடங்குவதற்கு ஒரு வகுப்பறை, வெள்ளையடித்த ஒரு சுவர், பூட்டுள்ள ஒரு பீரோ, ஒரு பிஸ்டல், ஒரு ஹவில்தார் போதும். பெல்லட் டப்பா தலைமையாசிரியர் அறையில் வேறொரு பூட்டுக்குள் கிடக்கட்டும். முதல் பருவம் முடிகிறவரை அதைத் திறக்கவே வேண்டாம். அடுத்த சித்திரையில் அதே பிள்ளைகள் பலூன் கடை முன்னால் நிற்கும்போது, யாராவது ஒருத்தி ஏழெட்டு நொடி குறி பார்த்துவிட்டு, சுடாமல் துப்பாக்கியை இறக்கி, மூச்சு விட்டு, மறுபடி தூக்குவாள். பின்னால் நிற்கிறவர்கள் "சீக்கிரம் அடி தாயி" என்று கத்துவார்கள். கத்தட்டும்.